வரவு வேறு நோட்டில்

ஊர்க் கால்பந்துக் கிளப்புக்குக் கணக்கு எழுதுவது தனித் தொழில் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கோயில் கமிட்டி, நெசவாளர் சங்கம், மகளிர் குழு என்று நோட்டு எழுதிக்கொண்டிருக்கும் ஆளிடமே கிளப் நோட்டும் வந்து சேரும். ஒரு ரொக்கப் புத்தகம், நன்கொடை ரசீதுக் கட்டு, தீர்மான நோட்டு, வருஷத்துக்கு ஒரு வரவு செலவு அறிக்கை, அவ்வளவுதான் வேலை. மற்றச் சங்கங்களின் பக்கத்தில் வைத்தால் கிளப் நோட்டுக்கு ஒரு தனிக்குணம் தெரியும். கோயில் கமிட்டிக்கு உண்டியல் மிச்சம் இருக்கும், மகளிர் குழுவுக்கு வட்டி வரும். கிளப்பில் மார்ச் 31 அன்று துண்டு விழும். அந்தத் துண்டைப் பொருளாளரோ மூத்த ஆட்டக்காரர் ஒருவரோ கைக்காசில் போட்டு, அதையும் நன்கொடை என்று எழுதிச் சரிக்கட்டியிருப்பார்கள். இந்த நோட்டை மட்டும் வைத்து மதிப்பிட்டால் எந்த ஊரிலும் எந்தக் கிளப்பையும் இழுத்து மூடச் சொல்லிவிடலாம். என் தொழில் அறிவுக்கு எட்டிய வரையில், மதிப்பீடு தவறுவது அங்கேதான். செலவு முழுவதும் கிளப்பின் பெயரில் பதிவாகிறது. அந்தச் செலவால் உண்டாகும் வரவு போலீஸ் சம்பளப் பட்டியலிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் பெரிய அணிகளின் கோப்பை அலமாரியிலும் பதிவாகிறது. இதை ஏற்றுக்கொண்டால், சின்னக் கிளப்புக்கு எந்த மாதிரிப் பணம் எந்த வழியில் வர வேண்டும் என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் பலவும் மாறிவிடும்.

முதலில் செலவுப் பக்கம். கரிசலில் கால்பந்து ஆடுவதற்கு ஆகும் செலவு புல்தரை ஊர்களில் ஆகும் செலவைப் போன்றதில்லை. கோடையில் இந்த மண் பாளம்பாளமாக வெடிக்கும். வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் செருப்போடு மண்ணும் சேர்ந்து வரும், பந்து உருளாது. அதனால் ஆடுகிற இடத்தில் செம்மண்ணோ சரளையோ கொட்டி இறுக்க வேண்டும், அதையும் மழை முடிந்ததும் மறுபடி சமன்படுத்த வேண்டும். சுற்றிலும் சீமைக்கருவேலம். வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும், முள் மைதானத்துக்குள் பறந்து வந்து கிடக்கும். தைத்துச் செய்த நல்ல பந்து சரளையில் சில வாரங்களில் தையல் விட்டுப்போகும். அதனால்தான் இந்தப் பக்கத்துக் கடைகளில் நிவியா ஸ்டார்ம் மாதிரி ரப்பர் வார்ப்புப் பந்து அதிகம் போகிறது. கொஞ்சம் கனம், தலையால் முட்டினால் வலிக்கும், ஆனால் 500 ரூபாயை ஒட்டிய விலையில் கட்டாந்தரையைத் தாங்கும். கோடு போடுவது இன்னொரு செலவு. 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தில் ஓரக்கோடு, நடுக்கோடு, நடுவட்டம், பெனால்டி கட்டம், கோல் கட்டம் எல்லாம் சேர்த்தால் 650 மீட்டருக்கு மேல் சுண்ணாம்புத் தூள் போட வேண்டும். ஆடி மாதக் காற்றில் அது மறுநாள் இருக்காது. நகரத்தில் இருந்து உதவ வருகிறவர்கள் முதலில் கேட்பது ஜெர்சிக்கு எவ்வளவு ஆகும் என்றுதான். ஜெர்சி இருப்பதிலேயே சின்னச் செலவு.

உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 பிள்ளைகள் வருகிற கிளப் ஒன்று. வருஷத்துக்குப் பந்து 12, அதற்கு 6,000 ரூபாய். சுண்ணாம்பு 4,000, ஜெர்சி 8,000, முதலுதவி மருந்து 2,000, மைதானம் சமன் செய்ய 10,000, பதிவு மற்றும் போட்டி நுழைவுக் கட்டணங்கள் 10,000, வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் வாடகை 20,000. ஆக 60,000. பயிற்சியாளருக்கு மாதம் 5,000 கொடுத்தால் இன்னொரு 60,000. மொத்தம் 1,20,000 ரூபாய். மழையும் பரீட்சையும் திருவிழாவும் போக மாதம் 25 மாலை வீதம் பத்து மாதம் என்றால் 250 மாலை. 40 பிள்ளைகளுக்கு 10,000 வருகைகள். ஒரு பிள்ளைக்கு ஒரு மாலைக்கு 12 ரூபாய், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயின் விலை. இதிலும் பெரும்பாலான ஊர்களில் அந்த 5,000 கொடுக்கப்படுவதில்லை. பிடி வாத்தியாரோ, பழைய ஆட்டக்காரரோ, தறி வேலை முடித்து வருகிறவரோ சும்மா நிற்கிறார். சும்மா என்பது நோட்டில் எழுதப்படாத செலவு. 2025-26ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். மாலை இரண்டு மணி நேரத்தைக் கால் நாள் என்று வைத்தாலும் 84 ரூபாய், 250 மாலைக்கு 21,000. குறைந்த கூலி ஒன்றை வைத்துப் பார்த்தாலே இவ்வளவு வருகிறது. ஆக, கிளப்புக்கு ஊரில் மிகப் பெரிய நன்கொடை கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் இருப்பவர் இல்லை, விசில் ஊதுகிறவர்தான். இவர் பெயரில் ரசீது போடுகிற வழக்கம் எந்தக் கிளப்பிலும் கிடையாது. போட்டால் நல்லது, பின்னால் யாரிடமாவது உதவி கேட்கப் போகும்போது ஊர் தன் பங்கை எவ்வளவு போட்டிருக்கிறது என்று காட்ட அந்த ஒரு வரி உதவும்.

இனி வரவுப் பக்கம். இதற்கு நம் மாநிலத்திலேயே தெளிவான சங்கிலி ஒன்று இருக்கிறது. கடலூரில் எஸ். மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து வளர்த்த இடம் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம். அங்கிருந்து வந்தவர்களில் இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், சுமித்ரா காமராஜ் ஆகியோர் இந்திய அணி வரை போனார்கள். தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு முதல் தடவை வென்றது 2018ல், கட்டாக்கில், மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து. 2023ல் அமிர்தசரஸில் ஹரியாணாவை வென்று மறுபடியும் எடுத்தது. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். இப்போது இந்த வரவுகள் யார் யார் நோட்டில் விழுந்தன என்று பாருங்கள். கோப்பை மாநிலச் சங்கத்துக்கு. பணியாளர் காவல்துறைக்கு. சம்பளம் ஒரு குடும்பத்துக்கு. அந்தப் பிள்ளைகள் முதன்முதலில் ஓடப் பழகிய மண்ணைச் சமன்படுத்தியவர்களின் நோட்டில் அன்றும் செலவுதான் எழுதப்பட்டிருக்கும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, பொறியியல் சேர்க்கையில் விளையாட்டுக்குத் தனி இடங்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. அவற்றுக்குத் தேவைப்படும் சான்றிதழின் முதல் படி மாவட்டப் போட்டி, மாவட்டப் போட்டிக்கு முதல் படி ஊர் மைதானம். அந்த ஒதுக்கீட்டை வைத்திருக்கும் அரசு, அதற்கு ஆள் தயார் செய்யும் இடத்துக்கு எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டில்தான் இத்தனை காலமும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

திருப்பித் தருவதற்கு விதி இல்லையா என்றால், உலக அளவில் இருக்கிறது. ஃபிஃபா விதிப்படி ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்திலேயே ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து வேறு நாட்டுக் கிளப்புக்குப் பணத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போக வேண்டும். 12 முதல் 15 வயது வரை வருஷத்துக்கு 0.25 சதவீதம், அதற்குப் பிறகு வருஷத்துக்கு 0.5 சதவீதம். இது போக, இளம் ஆட்டக்காரர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது பயிற்சி இழப்பீடு என்று தனியாக உண்டு. வெளிநாடுகளில் சின்னக் கிளப்புகளுக்கு இந்தக் காசு பெரிய உதவி. நம் ஊர்க் கிளப்புக்கு இதில் மூன்று இடத்தில் கதவு மூடுகிறது. நம் பிள்ளைகள் வெளிநாட்டுக் கிளப்புக்குப் பெருந்தொகைக்குப் போவது அரிது. இந்தியாவுக்குள் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் மாறுகிறார்கள், அப்போது மாற்றுத் தொகையே கிடையாது. மூன்றாவது, மகளிர் கால்பந்துக்கு ஃபிஃபாவின் பயிற்சி இழப்பீடு பொருந்தாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. மகளிர் ஆட்டத்துக்கு ஆட்களை ஒப்பந்தம் செய்யும் செலவு கூடிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விலக்கு அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் கடலூர் மாதிரி இடங்களுக்கு அதன் பொருள், எத்தனை இந்திய ஆட்டக்காரர்களை உருவாக்கினாலும் அந்த வழியில் ஒரு ரூபாய் வராது என்பதே. இதோடு ஒரு ஆவணச் சிக்கலும் உண்டு. எந்த வயதில் எந்தக் கிளப்பில் ஆடினார் என்று பதிவு இருந்தால்தான் உரிமை கோர முடியும். நம் கிளப்புகளில் வருகைப் பதிவேடு வைத்திருப்பவை எத்தனை? இருக்கும் பதிவேட்டிலும் பட்டப்பெயர்தான் எழுதியிருக்கும்.

சரி, பெரிய கிளப் ஒன்று பக்கத்திலேயே இருந்தால் சின்னவை பிழைக்குமே என்று கேட்கலாம். இருக்கிறது. நம் விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி பக்கம் புல்லூரில் சேது தொழில்நுட்பக் கல்லூரி. அந்தக் கல்விக் குழுமத்தைச் சேர்ந்த சீனி மொகைதீன் 2016ல் தொடங்கிய சேது எஃப்சி, மதுரையை முகவரியாக வைத்து ஆடும் மகளிர் அணி. தொடங்கி மூன்றே வருஷத்தில், 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் சாம்பியன் ஆனது. 2022ல் புவனேஸ்வரத்தில் கோகுலம் கேரளாவுக்கு அடுத்த இடம். இந்துமதி, சந்தியா இரண்டு பேரும் அந்த உடையில் ஆடியவர்கள். வறண்ட நாட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு அணி நடத்தியது சாதாரணக் காரியம் இல்லை. அதை யார் குறைத்துச் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். ஆனால் அந்தச் சாம்பியன் அணியின் கோல்களில் ஒரு பங்கு நேபாளத்து சபித்ரா பண்டாரியுடையது, நடுக்களத்தில் மணிப்பூர்ப் பெண்கள். தேசிய லீக்கில் ஆடும் அணி அப்படித்தான் ஆள் திரட்ட முடியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்று சாயங்காலம் ஆட இடம் கொடுப்பது அதன் வேலையும் இல்லை. அது கழிமுகத்தில் நிற்கிறது. ஊற்றுக்கண் வேறு இடத்தில் இருக்கிறது. சேது மாதிரி அணி பக்கத்தில் இருப்பதால் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம், கால்பந்து ஆடும் பெண்ணின் வீட்டில் அப்பாவிடம் காட்ட ஓர் உதாரணம் இருப்பது. அந்த லாபம் பெரிது. ஊர்க் கிளப் இல்லாமல் அதை அறுவடை செய்ய முடியாது.

மேலே பணம் பெருகினால் கீழே தானாக ஒழுகி வரும் என்பது இன்னொரு வாதம். கடந்த சில வருஷத்து நடப்பு இதற்கு எதிராக இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்சி கோவையைத் தளமாக வைத்து ஆடி, 2018-19 ஐ-லீக் பட்டத்தைக் கடைசி நாள் ஆட்டத்தில், ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து வென்றது. அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021ல் உரிமத் தகுதி இல்லை என்று லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. பட்டத்துக்கும் வெளியேற்றத்துக்கும் இடையில் இரண்டே வருஷம். 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. வருஷத்துக்கு 50 கோடி ரூபாய் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்குத் தந்துகொண்டிருந்த ஒப்பந்தம் முடியவிருந்தும் புதுப்பிக்கப்படவில்லை என்பதுதான் காரணம். பெங்களூரு எஃப்சி போன்ற கிளப் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்திவைத்தது. கோடிகளில் நடந்த ஆட்டம் ஒரு கையெழுத்துக்காக நின்ற அதே மாதங்களில், சரளைத் தரையில் ரப்பர் பந்து ஆட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை. கீழே இருப்பது உறுதி, மேலே இருப்பது பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே கையிலிருந்து வரும் பெரிய பணம் அந்தக் கை மடங்கினால் நின்றுபோகும். 30 பேரிடமிருந்து மாதம் 200 வீதம் வரும் பணம் நிற்காது, இளைக்கும். இளைத்தால் திருப்பித் தேற்ற முடியும். கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இந்த இரண்டும் ஒரே வகை வரவு இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எத்தனை பேர் தேறினார்கள், அதைச் சொல் என்று நேரடியாகக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நூறு பிள்ளைகளில் மாநில அணிக்கு ஒருவர் போனாலே அதிர்ஷ்டம். சில கிளப்புகளில் பத்து வருஷத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை நாம் பள்ளியிடம் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் விஞ்ஞானி ஆனார்கள் என்று யாரும் தலைமையாசிரியரை மடக்குவதில்லை. மீதி 99 பேருக்கு என்ன கிடைத்தது என்பதைக் கணக்கில் எடுக்க நம்மிடம் ஏட்டில் இடமில்லை. விருதுநகர் மாவட்டம் 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கிறது, தமிழ்நாட்டில் நாமும் ராமநாதபுரமும்தான். உடல்நலம், கல்வி, விவசாயம், நிதிச் சேவை, திறன், அடிப்படை வசதி என்று 49 குறியீடுகள் வைத்து மாதாமாதம் அளக்கிறார்கள். பிள்ளைகள் ஆடுகிறார்களா என்பது அதில் ஒரு குறியீடு இல்லை. அளக்காததற்கு நிதி ஒதுக்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. இங்கிலாந்தில் இதை அளக்க முயன்றிருக்கிறார்கள். ஸ்போர்ட் இங்கிலாந்து 2020ல் வெளியிட்ட கணக்கில், ஊர் மட்ட விளையாட்டில் போடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 3.91 பவுண்ட் மதிப்புத் திரும்புகிறது. இந்த எண்ணை அப்படியே நம் நோட்டீஸில் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். விளையாட்டுக்கு நிதி கேட்கும் அமைப்பே போட்ட கணக்கு அது. மனநிறைவுக்குப் பணமதிப்பு போட்டதில்தான் அதன் பெரும்பகுதி நிற்கிறது. மருத்துவச் செலவு மிச்சம் என்பதும் அவர்கள் ஊரில் அரசு கஜானாவில் மிச்சம். இங்கே அது குடும்பத்தின் கைக்காசில் மிச்சம். ஆகவே மூன்று மடங்கா நான்கு மடங்கா என்று வாதாட வேண்டாம். ஒரு மாலைக்கு 12 ரூபாய்க்கு 14 வயதுப் பையனை இருட்டும்வரை, பெரியவர் ஒருவர் கண்ணெதிரில், வியர்க்க வைக்க இதைவிட மலிவான ஏற்பாடு எது என்று கேட்டால் போதும். போன் கையில் கொடுத்தால் அதற்கும் மாதாமாதம் ரீசார்ஜ் போட வேண்டும்.

கால்பந்து ஏன், கபடி இருக்கிறதே என்பது இந்த மண்ணில் எழாமல் இருக்காத ஆட்சேபம். உண்மையில் பலமான ஆட்சேபமும் இதுதான். கபடிக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் போதும், பந்தும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். முழுக் கால்பந்து மைதானத்துக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். கரிசல் ஊர்களில் கபடி அணி இல்லாத ஊர் குறைவு, பொங்கல் விளையாட்டு விழாவில் கூட்டம் கூடுவதும் அதற்குத்தான். நான் கபடிக்கு எதிராகப் பேசவில்லை. இந்தக் கட்டுரையில் கால்பந்து என்று வரும் இடங்களில் பாதிக்கு மேல் கபடி, வாலிபால் என்று மாற்றிப் படித்தாலும் வாதம் நிற்கும். ஆனால் நிலம் என்று வரும்போது அந்த ஒன்றே முக்கால் ஏக்கர் பாரமாக இல்லாமல் பலமாக மாறுகிறது. அவ்வளவு பெரிய இடம் விளையாட்டுத் திடல் என்று ஒரு தடவை ஊராட்சியின் பெயரில் எழுத்தில் ஏறிவிட்டால், கபடிக் களமும் ஓட்டப் பாதையும் பெண்கள் நடக்கும் ஓரமும் அதற்குள்ளேயே வந்துவிடும். எழுத்தில் ஏறாதவரை எதுவும் நிலையில்லை. நம் பக்கத்து மைதானங்களில் பல புறம்போக்குத் தரிசு, வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் வேறு வகைப்பாட்டில் கிடப்பவை. சில வற்றிய கண்மாயின் உள்வாய். கண்மாயில் தண்ணீர் வந்தால் சந்தோஷப்பட வேண்டிய ஊர், அன்றைக்கு மைதானமும் போச்சே என்று நினைக்கும் நிலையில் பிள்ளைகளை வைத்திருக்கிறது. நீர்நிலையை மைதானமாக மாற்றிக் கேட்கவும் கூடாது. வேறு இடம் கேட்க வேண்டும். கிளப்பின் சொத்துக் கணக்கில் முதல் வரியாக இருக்க வேண்டியது அந்த நிலத்தின் சர்வே எண், கோப்பைகளின் பட்டியல் இல்லை.

ஊர் ஒற்றுமைக்குக் கிளப் உதவும் என்று நோட்டீஸில் அச்சடிப்பதைப் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். தென்மாவட்டத்தில் ஊர் என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பல கிளப்புகள் தெருக் கிளப்புகள். ஜெர்சியின் நிறம், பிளக்ஸில் உள்ள தலைவர் படம், டோர்னமென்ட் நடக்கும் இடம் எல்லாம் ஒரு சாதிக்காரர்களுக்கு வா என்றும் இன்னொருவருக்கு வராதே என்றும் சொல்லும். ஃபவுல் ஒன்று விழுந்து, அது தெருவுக்குள் தடியடியாகப் போன கதைகள் போலீஸ் நிலையங்களில் இருக்கும். இதைக் காட்டி, கிளப் சமூகத்துக்கு நல்லது செய்வதைவிடக் கெடுதல் செய்கிறது என்பவர்களுக்கு நான் முழு மறுப்பும் சொல்ல முடியாது. கலந்து ஆடினால் கலந்துவிடுவார்கள் என்பது ஆசை. விதி வைத்தால்தான் நடக்கும். இரண்டு தெருப் பிள்ளைகளும் இல்லாத அணிக்கு நுழைவு இல்லை என்பது ஒரு விதி. கோயில் வரியோடு கிளப் சந்தாவைச் சேர்த்து வசூலிக்கக் கூடாது என்பது இன்னொன்று. சேர்த்தால் வரி கொடுக்க அனுமதி இல்லாதவர் சந்தாவும் கொடுக்க முடியாது. நிர்வாகக் குழுவில் யார் என்பது மூன்றாவது. சங்கப் பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரின் வீட்டு முகவரியைப் பார்த்தாலே அது ஊர்க் கிளப்பா தெருக் கிளப்பா என்று சொல்லிவிடலாம். பெண் பிள்ளைகள் விஷயத்திலும் இதுதான். சேதுவையும் கடலூரையும் மேடையில் புகழ்ந்துவிட்டு, ஆறு மணிக்கு மேல் விளக்கு இல்லாத மைதானத்துக்குப் பெண்ணை அனுப்பு என்று எந்தத் தாயிடமும் கேட்க முடியாது. விளக்கும் ஒரு கழிப்பறையும் இல்லாத இடத்தில் சமத்துவம் பேசுவது வெறும் பேச்சு.

பணம் எங்கே வீணாகிறது என்று கேட்டால் தயங்காமல் டோர்னமென்ட்டைத்தான் காட்டுவேன். பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ இரண்டு நாள், 32 அணி, எழுவர் ஆட்டம், நாக்-அவுட். மைக் செட், ஷாமியானா, பிளக்ஸ், சுழற்கோப்பை, பிரியாணி. வருஷ நன்கொடையில் பெரும்பங்கு அந்த இரண்டு நாளில் கரையும். 32 அணி நாக்-அவுட்டில் மொத்தம் 31 ஆட்டம். 16 அணி ஒரே ஒரு ஆட்டத்தோடு வேன் ஏறிவிடும். அதுவே எட்டு ஊர் சேர்ந்து, ஒவ்வொரு அணியும் மற்ற ஏழோடும் ஒரு தடவை ஆடும் லீக் வைத்தால் 28 ஆட்டம். ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான், ஆனால் எல்லா அணிக்கும் ஏழு ஆட்டம், ஏழு வாரத்துக்குப் பயிற்சிக்கு ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அணிக்கு 500 ரூபாய் நுழைவுக் கட்டணம் என்றால் 16,000 சேரும், முதல் பரிசும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். ஜெயிப்பது பெரும்பாலும் வெளி ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்கிய அணி. ஆக ஏழைக் கிளப்புகள் 31 சேர்ந்து ஒரு பணக்காரக் கிளப்புக்கு மொய் எழுதுகின்றன. திருவிழாவுக்கு ஆட்டம் வேண்டாம் என்று சொன்னால் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. அது திருவிழாச் செலவு. திருவிழா நோட்டில் எழுதட்டும். மிச்சமாகும் பணம் பயிற்சி தரும் ஆளுக்குப் போகட்டும். கேலோ இந்தியா திட்டத்தில்கூட சிறு மையத்துக்குத் தொடக்கத்தில் ஒருமுறை 5 லட்சம், பிறகு வருஷந்தோறும் 5 லட்சம், அதில் 3 லட்சம் பயிற்சி தரும் பழைய வீரருக்கு என்று பிரித்திருக்கிறார்கள். தொடர் செலவில் பாதிக்கு மேல் ஆளுக்கு என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. 2024ல் ஊராட்சிதோறும் கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பில் 33 வகைப் பொருள்கள் இருந்தன, நல்ல காரியம். ஆனால் பொருளை எடுத்து ஆட வைக்க ஆள் இல்லாத ஊரில் அது ஊராட்சி அலுவலகப் பூட்டிய அறையில்தான் இருக்கும்.

இந்தப் பின்னணியில்தான் நம் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்தைப் பார்க்க வேண்டும். இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா திட்டத்தின்கீழ் ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023 மார்ச் 22 அன்று விருதுநகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது, 2025ல் 1,894 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. ஆலை வந்துவிட்டால் கிளப் பிரச்சினை தீர்ந்தது, கம்பெனியே டீம் வைக்கும் என்று இப்போதே பேச்சு இருக்கிறது. ஜவுளி ஆலை வைத்த கால்பந்து அணியின் கதை நமக்கு முன்னாலேயே இருக்கிறது. பஞ்சாபின் பக்வாராவில் ஜேசிடி ஆலை 1971ல் வைத்த அணி, 1996-97ல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கின் சாம்பியன். 2011ல் ஆலை நிர்வாகம் அணியைக் கலைத்தது. நாற்பது வருஷம் நல்ல காலம்தான், ஆனால் அது கம்பெனியின் அணி. கம்பெனி வேண்டாம் என்றதும் இல்லை. அதனால் பூங்காவுக்கு வரும் ஆலைகளிடம் டீம் கேட்கக் கூடாது. கேட்க வேண்டியது மைதானத்துக்கும் பயிற்சியாளருக்குமான வருடாந்தரத் தொகை. பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புச் செலவாகச் செய்ய வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். ஊரக விளையாட்டுப் பயிற்சி அதற்கு ஏற்ற செலவு என்று அட்டவணையிலேயே இருக்கிறது. தொழில் நடக்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. ஆனால் அங்கே இரண்டு நுட்பம். புதிதாகப் பதிவாகும் கம்பெனிக்கு லாபம் வரச் சில வருஷம் ஆகும், லாபம் இல்லாத இடத்தில் 2 சதவீதமும் இல்லை. ஏற்கெனவே வேறு ஊரில் லாபத்தோடு நடந்து இங்கே கிளை போடும் கம்பெனிகளைத்தான் முதலில் அணுக வேண்டும். அடுத்து, ஜெர்சியில் கம்பெனி பெயர் போட்டு விளம்பரமாகத் தரும் பணம் சமூகப் பொறுப்புச் செலவில் சேராது என்று 2021 திருத்த விதி தெளிவாகவே விலக்கியிருக்கிறது. மார்பில் பெயர் கேட்கும் மேலாளரிடம் இதைப் பணிவாகச் சொல்லிவிடலாம்.

அந்தப் பணத்தை வாங்கக் கிளப் தயாரா என்பதுதான் என் மாதிரி ஆட்களின் வேலை. 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு இருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் விடாமல் தாக்கல் செய்திருக்க வேண்டும். பதிவு செய்ததோடு விட்டுவிட்டு, பத்து வருஷத் தாமதக் கட்டணத்தோடு ஓடும் சங்கங்கள் நிறைய. வருமான வரிச் சட்டத்தில் அறநிறுவனப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிவிலக்குத் தரும் பதிவு, பிறகு சமூகப் பொறுப்புப் பணம் வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 படிவம், கிளப் பெயரில் பான் கார்டு, இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு. பொருளாளர் தன் சொந்தக் கணக்கின் ஜிபே எண்ணை நோட்டீஸில் போடும் பழக்கம் இன்றே நிற்க வேண்டும். அவர் யோக்கியர் என்பது வேறு, நாளைக்கு அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் கிளப்பின் வரவும் கூடவே போகும் என்பது வேறு. தனித்தனியாக இத்தனை காகிதத்துக்கும் 12 ரூபாய்க் கிளப்பால் ஆடிட்டர் வைக்க முடியாது. எட்டு ஊர் லீக் என்று மேலே சொன்னேனே, அந்த எட்டும் சேர்ந்து ஒரே சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, ஊருக்கு ஒரு கிளை நோட்டு வைத்தால் செலவு எட்டில் ஒன்று ஆகிவிடும், கம்பெனிக்கும் எட்டு இடத்தில் கையெழுத்து வாங்கும் தொல்லை இல்லை. நோட்டில் இப்போதைக்கு இரண்டு தலைப்பு மட்டும் புதிதாகச் சேர்க்கச் சொல்லுவேன்: சம்பளமில்லாமல் நின்றவர்களின் மணிநேரம் ஒரு பத்தி, பிள்ளைகளின் முழுப் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விட்ட நாள் ஒரு பத்தி. அந்தப் பிள்ளைகளில் யாராவது பின்னால் போலீஸிலோ ரயில்வேயிலோ சேர்ந்தால், எந்த வருஷம் எந்தக் கிளையில் இருந்தார் என்று அதே வரியில் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த நிதியாண்டுக்குப் பணம் கேட்டு எழுதும் கடிதத்தோடு அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.